பக்கத்து வயலில் களை பறிக்கலாமா? கம்போடியா, 1979 ஜனவரி 7

1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை புனோம் பென்னுக்குள் நுழைந்தபோது வரவேற்கவும் ஆளில்லை, எதிர்க்கவும் பெரிதாக ஆளில்லை. நாட்டை ஆண்ட தீவிர கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜின் ஆட்சியாளர்கள் மேற்கே ஓடிவிட்டார்கள். மக்களோ நாலு வருடத்துக்கு முன்பே ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள். தலைநகர் என்ற பெயரில் வெறும் கட்டடங்கள் நின்றன. ஓரிரு நாளில் ஒரு பழைய பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து நாற்றம் வந்தது. மோப்பம் பிடித்துப் போனவர்கள் அங்கே இரும்புக் கட்டில்களோடு கட்டப்பட்டுக் கிடந்த பிணங்களைப் பார்த்தார்கள். மொத்தம் 14. பள்ளி வளாகத்திலேயே புதைத்தார்கள். அதுதான் டுவோல் ஸ்லெங், எஸ்-21 என்ற ரகசியச் சிறை. அதை நடத்தியவர் டுச், ஒரு காலத்தில் கணக்கு வாத்தியார். அந்தச் சிறைக்குள் போனவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகம். பிழைத்து வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதே வாரம் நியூயார்க்கில் ஐநா பாதுகாப்புச் சபை கூடியது. கூண்டில் நின்றது கொன்றவர்கள் அல்ல, உள்ளே நுழைந்தவர்கள். அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்துக்கு 13 நாடுகள் ஆதரவு, 2 எதிர்ப்பு. எதிர்த்த இரண்டில் ஒன்று சோவியத் யூனியன் என்பதால் அதன் வீட்டோவில் தீர்மானம் விழுந்தது. ஆதரித்த 13இல் ஒன்று வங்காளதேசம். இந்தியப் படை உள்ளே வந்து உதவியதால் பிறந்து எட்டு வயதுகூட நிறையாத நாடு.

கொலைகாரனை அரசன் ஒறுப்பது பயிரைக் காக்கக் களை பறிப்பது போல என்பது நமக்குப் பழகிய உவமை. ஆனால் அது அரசன் தன் வயலில் செய்கிற வேலை. பக்கத்து வயலில் பயிரே கருகிச் செத்துக்கொண்டிருக்கும்போது வரப்பைத் தாண்டலாமா? வரப்பைத் தாண்டுகிறவன் யோக்கியனாகவும் இல்லாவிட்டால்? வன்முறை எப்போதாவது நியாயமாகுமா என்ற பழைய கேள்வியை எடுத்துப் பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிடச் சங்கடமான நிகழ்வு இல்லை. இரண்டாம் உலகப் போரை உதாரணம் காட்டினால் வேலை சுலபம், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். இங்கே அப்படி யாரும் தலையாட்டவில்லை.

நடந்தது என்ன

கெமர் ரூஜ் வானத்திலிருந்து குதித்து வந்த கூட்டமல்ல. வியட்நாம் போரின் பக்கவிளைவாக அமெரிக்க விமானங்கள் 1973 ஆகஸ்ட் வரை கம்போடியா மேல் கொட்டிய குண்டுகள் சுமார் 5 லட்சம் டன். நாடு நொறுங்கியிருந்த நேரத்தில் 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் தலைவர் போல் பாட்டின் ஆட்கள் தலைநகரைப் பிடித்தார்கள். சில நாட்களுக்குள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள் உட்பட ஏறக்குறைய இருபது லட்சம் பேரைக் கிராமங்களுக்கு நடக்க வைத்தார்கள். பணத்தை ஒழித்தார்கள், மத்திய வங்கிக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பள்ளி, சந்தை, விகாரை எல்லாவற்றையும் மூடிப் பிக்குகளின் காவியைக் களைந்தார்கள். அதற்குப் பின் வயல்தான், கூட்டுச் சமையல்தான், இரவில் கூப்பிட்டால் திரும்பி வராத பயணம்தான். 80 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள்தொகையில் 15 முதல் 20 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் வேலையாலும் கொலையாலும் போனார்கள். கம்போடியர்கள் அந்தக் காலத்தை நாள் கணக்கில் சொல்கிறார்கள்: மூன்று வருடம், எட்டு மாதம், இருபது நாள். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்குச் சராசரியாக ஆயிரத்துக்கு மேல். இந்தச் சராசரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் கொஞ்சம் பேசிப் பார்த்திருக்கலாமே" என்ற இடம் வரும்போது தேவைப்படும்.

வியட்நாமோடு உரசல் முதல் மாதமே தொடங்கியது. 1975 மே மாதம் ஃபூ குவோக், தோ சூ தீவுகளில் தாக்குதல். 1977இல் எல்லைக் கிராமங்களில் திரும்பத் திரும்பப் படுகொலை. அந்த வருடக் கடைசியில் வியட்நாம் உள்ளே புகுந்து அடித்துவிட்டுத் திரும்பியது. கம்போடியா தூதரக உறவை முறித்துக்கொண்டது. 1978 பிப்ரவரியில் வியட்நாம் ஒரு யோசனை சொன்னது: இரு படைகளும் எல்லையிலிருந்து 5 கிலோமீட்டர் பின்வாங்கட்டும், சர்வதேசக் கண்காணிப்பு வரட்டும். பதிலாக ஏப்ரலில் பா சுக் வந்தது. ஆன் ஜியாங் மாகாணத்தில் எல்லையோரமாக இருக்கும் ஊர் அது. கோயிலில் ஒளிந்தவர்களையும் மலைக் குகையில் ஒளிந்தவர்களையும் சேர்த்து 3,157 பேரைக் கெமர் ரூஜ் படை கொன்றது. மண்டையோடுகளை இன்றும் அங்கே நினைவிடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள்.

1978 டிசம்பர் 25 அன்று சுமார் ஒன்றரை லட்சம் வியட்நாம் வீரர்கள் எல்லை தாண்டினார்கள். கூடவே கெமர் ரூஜிலிருந்து தப்பி ஓடிவந்த ஹெங் சம்ரின், ஹுன் சென் போன்றவர்களை வைத்து அவசரமாகக் கட்டிய ஒரு 'மீட்பு முன்னணி'. இரண்டே வாரத்தில் தலைநகர் விழுந்தது.

வேறு வழி இருந்ததா

அகிம்சையை நம்புகிறவர்களிடம் நான் வாதத்துக்குப் போவதில்லை. பாதி நாள் நானும் அவர்கள் பக்கம்தான். உப்பு எடுக்கப் போனவர்களின் மண்டை உடைந்ததை உலகப் பத்திரிகைகள் எழுதின, லண்டனில் வாசித்தார்கள், அங்கே சிலருக்காவது வெட்கம் வந்தது. அகிம்சை அந்த வெட்கத்தில்தான் வேலை செய்தது. கம்போடியாவில் பத்திரிகை இல்லை, தபால் இல்லை, நாலு பேர் கூடிப் பேச இடமில்லை. பெற்ற பிள்ளையே உளவு சொல்லும் நிலை. அடிபட்டவனைப் பார்க்க அடித்தவனைத் தவிர வேறு ஆள் இல்லாத இடம் அது. யாருடைய மனசாட்சியைத் தட்டுவது?

எதிர்த்துப் பார்க்காமலும் இல்லை. 1975இலேயே கோ ஃபால், ஸ்வாய் க்லெங் ஊர்களில் சாம் என்ற சிறுபான்மை இனத்து முஸ்லிம்கள் கையில் கிடைத்த வாளும் கத்தியுமாக எழுந்தார்கள். ஊரே துடைத்தெறியப்பட்டது. கிழக்கு மண்டலத்தில் கட்சிக்குள்ளேயே அதிருப்தி கிளம்பியபோது 1978 மே மாதம் அந்த மண்டலத்தையே வேட்டையாடினார்கள். அதன் தலைவர் சோ ஃபிம் தற்கொலை செய்துகொண்டார். உள்ளிருந்து மாறும் வாய்ப்பு என்று ஒன்று இருந்திருந்தால் அதன் கடைசிக் கங்கும் அன்று அணைந்தது.

வெளியே? 1978இல் ஐநா மனித உரிமை ஆணையத்தில் புகார் வந்தது. தகவல் திரட்டினார்கள், அறிக்கை எழுதினார்கள். அது ஆணையத்தின் மேசைக்கு வந்த நேரம் போல் பாட் தலைநகரிலேயே இல்லை. அமெரிக்காவில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னார், அதுவும் யார் தெரியுமா? செனட்டர் ஜார்ஜ் மக்கவர்ன். வியட்நாம் போரை நிறுத்து என்று முழங்கி 1972இல் நிக்சனிடம் படுதோல்வி கண்டவர். 1978 ஆகஸ்டில் அவர் கம்போடியாவுக்குச் சர்வதேசப் படையை அனுப்பலாமா என்று கேட்டார். போர் வெறியர்கள் அமைதியாக இருக்க, போர் எதிர்ப்பாளர் படை கேட்கிறாரே என்று பலர் முகம் சுளித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர் அவர். போர் என்றால் என்னவென்று அந்த அறையில் இருந்த பலரைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரு போர் வேண்டாம் என்பதும் இன்னொன்று வேண்டும் என்பதும் ஒரே மனசாட்சியிலிருந்து வரக்கூடும் என்பதற்கு அவரைத்தான் நான் எடுத்துக்காட்டுவேன்.

அழுக்குக் கை

வியட்நாம் புத்தரின் கருணையோடு படை நடத்தவில்லை. 1975, 76இல் எல்லைக்கு அப்பால் நடந்தது பற்றி அது வாய் திறக்கவில்லை, தோழமைக் கட்சியாயிற்றே. தன் நாட்டிலேயே 'மறுகல்வி' முகாம்களில் ஆட்களை அடைத்துவைத்திருந்த அரசு. லட்சக்கணக்கானோர் படகேறித் தப்பிக்கொண்டிருந்த காலம். கம்போடியாவில் தனக்கு இணக்கமான ஆட்சி வேண்டும், சீனா தெற்கிலிருந்தும் நெருக்கக்கூடாது என்பதெல்லாம் கணக்கில் இருந்தது. நவம்பரில் மாஸ்கோவோடு நட்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்ட பிறகுதான் டிசம்பரில் நகர்ந்தது.

இதைவிட ஒன்று எனக்கு உறுத்தும். பாதுகாப்புச் சபையில் வியட்நாம் "இனப்படுகொலையைத் தடுக்கப் போனோம்" என்று வாதாடவே இல்லை. இரண்டு போர் நடந்தது என்றது: ஒன்று எல்லையில் எங்கள் தற்காப்பு, மற்றது கம்போடிய மக்களே தங்கள் ஆட்சியைக் கவிழ்த்த புரட்சி. இரண்டாவது பச்சைப் பொய். மனிதாபிமானம் என்ற வாதம் சட்டத்தில் செல்லாது என்று அன்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கொடிய ஆட்சி என்பதற்காக அந்நியன் நுழையலாம் என்று ஒப்புக்கொள்வது மிக ஆபத்து என்று பிரான்ஸ் அந்தச் சபையிலேயே சொன்னது. ஆக, செய்தவனும் நல்ல காரணத்தைச் சொல்லவில்லை, கேட்டவர்களும் கேட்கத் தயாராக இல்லை.

உள்நோக்கம் அழுக்கு என்றால் செயலும் அழுக்காகிவிடுமா? கிணற்றில் விழுந்த குழந்தையைத் தூக்கியவன் அந்த வீட்டு நிலத்தின் மேல் கண் வைத்தவன் என்று தெரிந்தால் அவனை நம்ப வேண்டியதில்லை. குழந்தையைத் திரும்பக் கிணற்றில் போடவும் வேண்டியதில்லை. 1979 ஜனவரியில் உலகம் ஏறக்குறைய அதைத்தான் கேட்டது.

வட்டுக்கோட்டைக்காரரின் வாதம்

எதிர்த்தரப்பில் ஒரு குரலை மட்டும் ஒதுக்க முடியாது. அது ஒரு தமிழருடையது என்பது நமக்குத் தனி சுவாரஸ்யம். சிங்கப்பூரின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சின்னத்தம்பி ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியான் நாடுகளின் சார்பில் வியட்நாமை அதிகம் வறுத்தெடுத்தவர்களில் முன்வரிசை. 1979 செப்டம்பரில் ஹவானாவில் அணிசேரா மாநாடு நடந்தபோது கம்போடியா இருக்கை யாருக்கு என்று பெரிய சண்டை; கடைசியில் அங்கே இருக்கையைக் காலியாக விட்டார்கள்.

அவர் தரப்பு வாதத்தின் சாரம் இதுதான். போல் பாட் நல்லவர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பெரிய அண்டைநாடு தன் படையால் சிறிய நாட்டின் அரசை மாற்றலாம், காரணம் அந்த அரசு கெட்டது என்று ஒப்புக்கொண்டால், கெட்டது எது என்று தீர்மானிப்பது யார்? எப்போதும் பெரிய அண்டைநாடுதான். இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவே வரைபடத்தில் புள்ளியாக இருக்கும் சிங்கப்பூருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல, உயிர்ப் பிரச்சினை. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். 'மீட்க வந்தோம்' என்று சொல்லிக்கொண்டு பின்னாளில் எத்தனை டாங்கிகள் எத்தனை எல்லைகளைத் தாண்டின என்று பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும்.

இருந்தாலும் இரண்டு ஓட்டை. ஒன்று, ஆசியானின் பெரிய அங்கமான இந்தோனேசியா 1975இல் கிழக்குத் திமோருக்குள் நுழைந்தபோது இந்தக் கொள்கைக் குரல் இவ்வளவு சத்தமாகக் கேட்கவில்லை. இரண்டாவது இதைவிடப் பெரிது. "வியட்நாமே வெளியேறு" என்பது வேறு, "போல் பாட்டின் ஆட்களே கம்போடியாவின் முறையான பிரதிநிதிகள்" என்பது வேறு. முதலாவதைச் சொல்லிவிட்டு இருக்கையைக் காலியாக விட்டிருக்கலாம். ஹவானாவில் முடிந்தது நியூயார்க்கில் முடியவில்லை. 1979 செப்டம்பர் 21 அன்று ஐநா பொதுச்சபையில் 71 நாடுகள் கெமர் ரூஜ் தூதுக்குழுவுக்கே இருக்கையைக் கொடுத்தன; 35 எதிர்ப்பு, 34 விலகல். அமெரிக்காவும் சீனாவும் ஒரே பக்கம். இந்தியா அந்த 71இல் சேரவில்லை. 1980 ஜூலையில், வியட்நாம் அமர்த்திய ஹெங் சம்ரின் அரசை அங்கீகரித்தது. மாஸ்கோ நட்பு அதில் பெரும்பங்கு என்பதை மறைக்க வேண்டாம்.

கொள்கை என்ற பெயரில் நடந்தவற்றின் விலையை அகதிகளும் கொடுத்தார்கள். 1979 ஜூனில் தாய்லாந்து ராணுவம் 40,000க்கும் மேற்பட்ட கம்போடிய அகதிகளைப் பிரியா விஹார் மலைச்சரிவு வழியாகத் துப்பாக்கி முனையில் திருப்பி அனுப்பியது. கீழே கண்ணிவெடி வயல். ஆனால் அதே தாய்லாந்து எல்லையில் கெமர் ரூஜுக்குத் தங்க இடம் கிடைத்தது, சீன ஆயுதம் கிடைத்தது, நிவாரண அரிசியிலும் பங்கு கிடைத்தது.

நுழைந்தது வேறு, தங்கியது வேறு

என் தீர்ப்பு இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. இந்த நிகழ்வைப் பற்றி எழுதுகிற பலரும் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள்: விடுதலை என்பவர் பத்து வருடத்தையும் விடுதலை என்கிறார், ஆக்கிரமிப்பு என்பவர் முதல் நாளையே ஆக்கிரமிப்பு என்கிறார்.

நுழைந்தது நியாயம். தாக்கப்பட்ட நாடு, எல்லையில் பேச முயன்று தோற்றது, எல்லையில் மட்டும் விரட்டினால் மறுபடி வரும் என்பதை 1977, 78 காட்டிவிட்டது, அப்பால் நாளுக்கு ஆயிரம் பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து மாதம் தள்ளிப்போட்டிருந்தால் எத்தனை பேர் என்று அந்தச் சராசரியை வைத்துப் பெருக்கிக்கொள்ளலாம். போரால் அறுவடை குலைந்து 1979இல் பஞ்சம் வந்தது, அதையும் கழித்தாக வேண்டும். கழித்த பிறகும் மிஞ்சுகிறது.

தங்கியது? முதல் ஓரிரு வருடத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை. பல்லாயிரம் கெமர் ரூஜ் வீரர்கள் எல்லையில் காத்திருக்க, மறுநாளே கிளம்பியிருந்தால் 8ஆம் தேதி மறுபடி 6ஆம் தேதியாகியிருக்கும். 1971இல் இந்தியப் படை வங்காளதேசத்திலிருந்து மூன்றே மாதத்தில், 1972 மார்ச்சில் திரும்பியது என்று பெருமையாகச் சொல்வோம், பெருமைப்பட வேண்டியதும்தான். ஆனால் அங்கே 93,000 பேர் சரணடைந்துவிட்டார்கள், தாகாவில் ஆட்சி ஏற்க ஒரு தேர்தலில் வென்ற தலைவர் இருந்தார். கம்போடியாவில் படித்தவர், அதிகாரி, வைத்தியர் எல்லாம் குழியில் கிடந்தார்கள்.

சரி, அப்புறம்? கம்போடியாவின் நிலைமை 'திரும்பாதது' என்று வியட்நாம் அறிவித்தது. 1981இல் ஐநா கூட்டிய சர்வதேச மாநாட்டைப் புறக்கணித்தது. புனோம் பென் அரசின் ஒவ்வொரு மட்டத்திலும் அதன் ஆலோசகர்கள். 1984க்குப் பிறகு கே5 என்ற திட்டத்தில் கம்போடியக் குடியானவர்களைக் கட்டாயமாக இழுத்துக்கொண்டுபோய்த் தாய்லாந்து எல்லையில் காடு வெட்டவும் அகழி தோண்டவும் வைத்தார்கள். மலேரியாவிலும் கண்ணிவெடியிலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். வரப்பைத் தாண்டிக் களை பறிக்க வந்தவன் அந்த வயலின் சொந்தக்காரனையே கூலிக்கு வைத்த கதை இது. கடைசி வியட்நாம் படை வெளியேறியது 1989 செப்டம்பரில். அதற்குள் அவர்கள் தரப்பிலும் பல்லாயிரம் இளைஞர்கள் போய்விட்டார்கள். 1979 பிப்ரவரியில் 'பாடம் கற்பிக்க' வடக்கே நுழைந்த சீனாவோடு நடந்த போர் தனிக் கணக்கு.

அகிம்சை இந்தக் கதையில் தாமதமாக வருகிறது. மகா கோசானந்தா என்ற கம்போடியப் பிக்கு அந்த வருடங்களில் தாய்லாந்தில் இருந்ததால் தப்பியவர். அகதி முகாம்களில் மைத்திரி சூத்திரத்தைத் துண்டுத் தாளில் அச்சடித்துக் கொடுத்தவர். 1992இல் எல்லை முகாம்களிலிருந்து புனோம் பென் வரை மக்களைக் கூட்டிக்கொண்டு தம்ம யாத்திரை நடந்தார். அந்த யாத்திரை அழகானது, தேவையானது. 1977இல் அதே சாலையில் காவியோடு அவர் பத்தடி நடந்திருக்க முடியாது.

கணக்கின் இன்னொரு பக்கம் சும் மே. எஸ்-21இல் உயிரோடு மிஞ்சியவர். தட்டச்சு இயந்திரம் பழுது பார்க்கத் தெரிந்ததால் கொல்லாமல் வைத்திருந்தார்கள். ஜனவரி 7 அன்று காவலர்கள் ஓடும்போது அவரையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். வழியில் தற்செயலாக மனைவியையும் கைக்குழந்தையையும் கண்டார். அடுத்த சில நாளில் இருவரையும் கெமர் ரூஜ் சுட்டுக் கொன்றது. மீட்பு வந்த நாளிலும் அவருக்கு அது போதிய சீக்கிரம் வரவில்லை.

கம்போடியாவில் ஜனவரி 7 அரசு விடுமுறை, இனப்படுகொலையை வென்ற நாள். அதே நாளை எதிர்க்கட்சிக்காரர்கள் வியட்நாம் ஆக்கிரமிப்பு தொடங்கிய நாள் என்பார்கள். 1985இல் பிரதமரான ஹுன் சென் 2023 வரை நாற்காலியை விடவில்லை, விட்டபோது மகனிடம் கொடுத்தார். ஜனவரி 7ஐச் சொல்லியே முப்பத்தெட்டு வருடம் ஓட்டியவர் என்ற எரிச்சல் நியாயமானது. 2019இல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங் ஒரு இரங்கல் குறிப்பில் 'வியட்நாமின் படையெடுப்பு' என்று எழுதியதற்கு ஹனோயும் புனோம் பென்னும் கண்டனம் தெரிவித்தன. நாற்பது வருடம் கழித்தும் ஒரு சொல்லுக்குச் சண்டை.

1979இல் ஐநா இருக்கையில் எந்த அரசின் பெயரில் தூதர் உட்கார்ந்தாரோ அந்த அரசின் தலைவர் கியூ சாம்பான். ஐநாவும் கம்போடியாவும் சேர்ந்து அமைத்த தீர்ப்பாயம் 2018 நவம்பர் 16 அன்று அவரை இனப்படுகொலைக் குற்றவாளி என்று அறிவித்து ஆயுள் தண்டனை விதித்தது. கம்போடியாவில் வாழ்ந்த வியட்நாமியர்களை அழித்த வழக்கு அது. 2022 செப்டம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அப்போது அவருக்கு வயது 91.